வெறும் நூல் கட்டையா, ஜீன்களின் காவலனா?
ஹிஸ்டோன் புரதங்களின் நூற்றாண்டுக் கதை

உங்கள் கல்லீரலிலிருந்து ஒரு செல்லையும் மூளையிலிருந்து ஒரு நரம்புச் செல்லையும் எடுத்துக்கொள்வோம். ஒன்று பித்தநீரைச் சுரக்கிறது. மற்றொன்று மின் துடிப்புகளைக் கடத்துகிறது. உருவத்திலும் தொழிலிலும் இவற்றிடையே ஒற்றுமையே இல்லை. ஆயினும் இரண்டும் கருவுற்ற ஒரே முட்டைச் செல்லிலிருந்து தோன்றியவை. இரண்டின் உட்கருவிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. புரதங்களுக்கான ஏறத்தாழ 20,000 ஜீன்கள் இரண்டிலும் முழுமையாக உள்ளன. அப்படியானால் கல்லீரல் செல் தனக்கு வேண்டிய ஜீன்களை மட்டும் படித்துவிட்டு, மற்றவற்றை மூடி வைத்திருப்பது எவ்வாறு?

குறிப்பிட்ட ஜீன்களைத் தேடிச் சென்று இயக்கும் புரதங்கள் உண்டு என்பது விடையின் ஒரு பகுதி. மற்றொரு பகுதி, டி.என்.ஏ. சுருட்டி வைக்கப்பட்டுள்ள முறையிலேயே அடங்கியிருக்கிறது. அந்தச் சுருளை உருவாக்குபவை ஹிஸ்டோன் என்னும் சிறு புரதங்கள். இவை கண்டறியப்பட்டது 1884இல். இவை ஜீன்களைக் கட்டுப்படுத்தும் வழியைப் பற்றிய சரியான கருத்து வெளியானது 1964இல். அக்கருத்தை அறிவியல் உலகம் மனமார ஏற்றதோ 1996க்குப் பிறகுதான். சரியான கருத்து ஒன்று ஏன் 32 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பறவையின் இரத்தத்தில் கிடைத்த புரதம்

1869இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஃபிரீட்ரிஷ் மீஷர் என்ற இளம் ஆய்வாளர், புண்களில் கட்டிய துணிகளில் படிந்த சீழிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றின் உட்கருவில் பாஸ்பரஸ் மிகுந்த ஒரு பொருளைக் கண்டார். அதுவே பின்னர் டி.என்.ஏ. என அறியப்பட்டது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஆல்பிரெக்ட் கோசல் பறவை இரத்தத்தை ஆராய்ந்தார். நமது சிவப்பணுக்களில் உட்கரு இல்லை. பறவைகளின் சிவப்பணுக்களில் உண்டு. வாத்தினப் பறவை ஒன்றின் சிவப்பணு உட்கருவை அமிலத்தில் இட்டபோது காரத்தன்மை உடைய ஒரு புரதம் பிரிந்து வந்தது. அதற்கு அவர் ஹிஸ்டோன் என்று பெயரிட்டார்.

உட்கருவில் டி.என்.ஏ.யும் புரதமும் கலந்திருக்கின்றன என்பது தெரிந்ததும், இவ்விரண்டில் பாரம்பரியத்தைச் சுமப்பது எது என்ற கேள்வி எழுந்தது. புரதத்தில் இருபது வகை அமினோ அமிலங்கள், டி.என்.ஏ.யில் நான்கே நான்கு காரங்கள். ஆகவே பலரும் புரதத்தின் பக்கமே சாய்ந்தனர். 1944இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் ஆஸ்வால்ட் ஏவரியும் அவருடைய கூட்டாளிகளும் பாக்டீரியாவின் பண்பை மாற்றுவது டி.என்.ஏ.தான் என்று காட்டினர். 1953இல் இரட்டைச் சுருள் அமைப்பு வெளியாயிற்று. தராசு ஒரே அடியாக மறுபக்கம் சாய்ந்துவிட்டது. டி.என்.ஏ. அரசனாயிற்று, ஹிஸ்டோன் வெறும் உறை என்று ஒதுக்கப்பட்டது.

ஒரு பாதி சரி, ஒரு பாதி தவறு

எல்லோரும் அப்படி ஒதுக்கிவிடவில்லை. 1950இல் எடின்பரோவில் எட்கர் ஸ்டெட்மன், எலன் ஸ்டெட்மன் தம்பதியர், ஜீன்களை அடக்கி வைப்பவை ஹிஸ்டோன்களே என்று கூறினர். ஒவ்வொரு வகைச் செல்லிலும் ஒவ்வொரு வகை ஹிஸ்டோன் இருக்கும் என்றும் அவர்கள் கருதினர். முதற்கூற்று உண்மைக்கு அருகில் இருந்தது. 1962இல் கலிபோர்னியாவில் ரூ-சி ஹுவாங்கும் ஜேம்ஸ் பானரும் பட்டாணிச் செடியின் குரோமாட்டினை, அதாவது டி.என்.ஏ.யும் புரதமும் சேர்ந்த பொருளை, ஆராய்ந்து, ஹிஸ்டோன் கட்டியுள்ள டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுப்பது தடைப்படுகிறது என்று காட்டினர்.

ஆனால் இரண்டாம் கூற்று நிலைக்கவில்லை. எல்லாத் திசுக்களிலும் ஹிஸ்டோன்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. எச்1, எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என முதன்மையான வகைகள் ஐந்துதான். அதனினும் பெரிய வியப்பு 1969இல் வெளிவந்தது. கன்றுக்குட்டியின் எச்4 புரதத்தையும் பட்டாணிச் செடியின் எச்4 புரதத்தையும் ஒப்பிட்டபோது, 102 அமினோ அமிலங்களில் இரண்டே இரண்டுதான் வேறுபட்டிருந்தன! விலங்கும் செடியும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் இயற்கை இப்புரதத்தில் கை வைக்கத் துணியவில்லை.

இங்கேதான் சிக்கல். ஓர் ஊரிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரே மாதிரியான பூட்டு என்றால், எந்த வீடு திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதை அந்தப் பூட்டு எப்படி முடிவு செய்யும்? ஹிஸ்டோன் வெறும் உறைதான் என்ற எண்ணம் இதனால் மேலும் வலுவடைந்தது.

ஆல்ஃப்ரீ கண்ட வழி

இதற்கு விடை சொன்னவர் வின்சென்ட் ஆல்ஃப்ரீ. இடம் அதே ராக்பெல்லர் நிலையம். உடன் பணியாற்றிய ஆல்ஃபிரட் மிர்ஸ்கி, ஏவரியின் முடிவை ஐயுற்றவர்களில் முன்னணியில் நின்றவர் என்பது சுவையான செய்தி. கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த உட்கருக்களோடு கதிரியக்கமுள்ள அசிட்டேட்டைச் சேர்த்தபோது, அசிட்டைல் தொகுதிகள் ஹிஸ்டோன்களில் சென்று ஒட்டிக்கொண்டன. புதுப் புரதம் உண்டாவதை மருந்திட்டு நிறுத்திய பின்னரும் இது நடந்தது. ஆகவே, செய்து முடித்த ஹிஸ்டோனின் மேல்தான் அசிட்டைல் ஏறுகிறது. அவ்வாறு ஏறிய ஹிஸ்டோன், ஆர்.என்.ஏ. உண்டாவதை முன்போல் தடுக்கவில்லை.

இதன் பொருள் என்ன? பள்ளியில் படித்த மின்னியலை நினைவுகூருங்கள். வேற்று மின்னூட்டங்கள் ஒன்றையொன்று கவரும். டி.என்.ஏ.யின் முதுகெலும்பில் உள்ள பாஸ்பேட்டுகள் எதிர் மின்னூட்டம் உடையவை. ஹிஸ்டோன்களில் மிகுந்துள்ள லைசின், அர்ஜினின் ஆகியவை நேர் மின்னூட்டம் உடையவை. பிடிப்பு இறுகுவது இதனால்தான். லைசினின் மேல் அசிட்டைல் தொகுதி ஏறினால் அதன் நேர் மின்னூட்டம் மறைகிறது, பிடி தளர்கிறது. எனவே பூட்டுகள் வேறுவேறாக இருக்கத் தேவையில்லை. எந்தப் பூட்டின் மேல் எந்தக் குறி விழுகிறது என்பதே போதும். குறியை இடவும் முடியும், அழிக்கவும் முடியும்.

இவ்வளவு தெளிவான கருத்தை ஏன் ஏற்கவில்லை? எதிர்த்தவர்களிடம் நியாயமான கேள்விகள் இருந்தன. ஜீன் இயங்குவதற்கு அசிட்டைல் காரணமா, அல்லது இயங்கியதன் விளைவா? குறியை இடும் நொதி எங்கே? அசிட்டைல் ஏறும் ஹிஸ்டோன் டி.என்.ஏ.யோடு எவ்வாறு பொருந்தியிருக்கிறது? மூன்றாம் கேள்விக்கே முதலில் விடை கிடைத்தது.

மணிமாலை

சற்றுக் கணக்குப் போடுவோம். மனிதச் செல் ஒன்றின் உட்கருவில் சுமார் 640 கோடி கார இணைகள் உள்ளன. இணை ஒன்றுக்கு 0.34 நானோமீட்டர் நீளம் என்றால், மொத்த நீளம் 2 மீட்டருக்கும் அதிகம். உட்கருவின் குறுக்களவோ ஒரு மீட்டரின் பத்து லட்சத்தில் ஆறு பங்கு அளவே. இவற்றை ஒரு லட்சம் மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். டி.என்.ஏ. தையல் நூலின் பருமனை அடையும்; நீளம் 200 கிலோமீட்டர். அத்தனை நூலையும் 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அண்டாவுக்குள் சிக்கில்லாமல் வைக்க வேண்டும். வேண்டியபோது வேண்டிய இடத்தைப் பிரிக்கவும் வேண்டும்!

1973இல் ஆஸ்திரேலியாவில் ஹியூவிஷ், பர்கோய்ன் ஆகிய இருவர், எலியின் கல்லீரல் உட்கருவில் உள்ள டி.என்.ஏ.யை நொதி ஒன்று தாறுமாறாக வெட்டாமல், ஒரே அடிப்படை நீளத்தின் மடங்குகளாக வெட்டுவதைக் கண்டனர். 1974இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் டொனால்ட் ஒலின்ஸ், ஏடா ஒலின்ஸ் தம்பதியர், நீரில் வெடிக்கச் செய்த உட்கருக்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தனர். நூலில் கோத்த மணிகள் போன்ற காட்சி தெரிந்தது. அவர்கள் பயன்படுத்தியவற்றுள் கோழியின் சிவப்பணுவும் ஒன்று. கோசல் நாடிய பறவை இரத்தமே தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கைகொடுத்தது.

அதே 1974இல் கேம்பிரிட்ஜில் ரோஜர் கோர்ன்பர்க் கணக்கைத் தீர்த்தார். எட்டு ஹிஸ்டோன்களும் சுமார் 200 கார இணைகளும் சேர்ந்தது ஓர் அலகு என்றார் அவர். மறு ஆண்டில் அதற்கு நியூக்ளியோசோம் என்ற பெயர் அமைந்தது. நம் செல் ஒவ்வொன்றிலும் இவை சுமார் 3 கோடி உண்டு எனலாம். 1997இல் ஸூரிக் நகரில் கரோலின் லூகரும் டிமோத்தி ரிச்மண்டும் கூட்டாளிகளும் எக்ஸ்-கதிர்ப் படிக ஆய்வினால் இதன் அமைப்பை 2.8 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் வெளியிட்டனர். ஹிஸ்டோன் கட்டையைச் சுற்றி டி.என்.ஏ. ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருந்தது. ஹிஸ்டோன்களின் வால்கள் சுருளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஆல்ஃப்ரீயின் அசிட்டைல் ஏறும் இடங்கள் பெரும்பாலும் அந்த வால்களில்தான் உள்ளன.

1996: ஒரே ஆண்டில் இரு நொதிகள்

காரணமா, விளைவா என்ற கேள்வியை ஈஸ்ட் தீர்த்துவைத்தது. கலிபோர்னியாவில் மைக்கேல் கிரன்ஸ்டைன் குழுவினர் ஈஸ்ட் செல்லில் எச்4 உற்பத்தியை நிறுத்தினர். நியூக்ளியோசோம்கள் குலைந்ததும், அடங்கிக் கிடந்த ஜீன் ஒன்று தனக்குரிய சைகை வராமலே விழித்துக்கொண்டது. இது 1988இல். 1991இல் எச்4இன் வாலை வெட்டியபோது சில ஜீன்களைத் தூண்டுவது பெரிதும் குறைந்தது. ஆக, ஹிஸ்டோன் அடக்கவும் செய்கிறது. திறப்பதற்கும் அதன் வால் வேண்டியிருக்கிறது.

எஞ்சியது நொதி. 1996இல் ராச்செஸ்டரில் டேவிட் ஆலிஸ் குழுவினர், டெட்ராஹைமினா என்ற ஒரு செல் உயிரியிலிருந்து அசிட்டைல் ஏற்றும் நொதியைப் பிரித்தனர். அது, ஜீன்களை இயக்கத் துணைசெய்வதாக ஈஸ்ட்டில் முன்பே அறியப்பட்ட ஒரு புரதத்தின் உறவாக இருந்தது! அதே ஆண்டில் ஹார்வர்டில் ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழுவினர் அசிட்டைலை அகற்றும் நொதியைப் பிடித்தனர். அதுவோ, ஈஸ்ட்டில் ஜீன்களின் இயக்கத்தைக் குறைப்பதாக அறியப்பட்ட புரதத்தின் உறவு. ஏற்றுவது இயக்குகிறது, அகற்றுவது அடக்குகிறது. ஆல்ஃப்ரீ சொன்னது அதுதானே?

மின்னூட்டம் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று இயற்பியல் படித்தவர்களுக்குத் தோன்றலாம். அது போதாது. அசிட்டைல் ஏறிய லைசினை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதப் பகுதி உண்டு என்பது 1999இல் தெளிவாயிற்று. குறி என்பது பிடியைத் தளர்த்துவது மட்டுமன்று. பிற புரதங்கள் வாசிக்கும் அறிவிப்புப் பலகையும் ஆகும். மெத்தில் தொகுதியும் இத்தகைய ஒரு குறியே.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்திகள் அல்ல. அசிட்டைலை அகற்றும் நொதியைத் தடுக்கும் வொரினோஸ்டாட் என்ற மருந்து, தோலைத் தாக்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்காக 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இத்தகைய மருந்து ஒரு ஜீனை மட்டும் தொடுவதில்லை. பலவற்றையும் பாதிக்கும் என்பதால் பக்க விளைவுகளும் உண்டு. 2012இல் மற்றொரு செய்தி வெளிவந்தது. குழந்தைகளின் மூளைத்தண்டில் வளரும் கொடிய கட்டிகள் பலவற்றில், எச்3 புரதத்தின் 27ஆம் இடத்து லைசின் மெத்தியோனினாக மாறியிருந்தது. மெத்தில் குறி விழ வேண்டிய ஓர் இடம் அது. கன்றிலும் பட்டாணியிலும் இயற்கை ஏன் இவ்வளவு சிக்கனமாக மாற்றம் செய்தது என்பதற்கு இதைவிடக் கடுமையான விளக்கம் தேவையில்லை.

 தம் கருத்தை நிலைநாட்டிய நொதிகளை ஆல்ஃப்ரீ தம் வாழ்நாளிலேயே காண முடிந்தது. முப்பத்திரண்டு ஆண்டுத் தாமதத்துக்கு யாருடைய பிடிவாதமும் முழுக் காரணமன்று. கருத்து முந்தி வந்துவிட்டது. அதைச் சோதிக்கும் ஈஸ்ட் மரபியலும் படிக ஆய்வும் நொதி வேதியியலும் பிந்தி வந்தன. இனி ஜீன்களைப் பற்றிப் படிக்கும்போது, நூலை மட்டும் பார்க்காதீர்கள். அது சுற்றப்பட்டிருக்கும் கட்டையையும் சேர்த்துப் பாருங்கள்.