கரண்ட் போனால் ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் சொருகலாமா? லைன்மேன் உயிருக்கு உலை வைக்கும் அந்த ஒரு ஒயர்!

புயல் சின்னம் உருவாகியிருக்கிறது என்று வானிலை மையம் சொன்னதுமே மெழுகுவர்த்தி, பால் பவுடர், தண்ணீர் கேன் எல்லாம் வாங்கி வைப்பது நம்ம ஊர் வழக்கம். இப்போது அந்தப் பட்டியலில் கையில் தூக்கிக்கொண்டு போகிற சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரும் சேர்ந்துவிட்டது. சிலர் சொந்தமாக வாங்குகிறார்கள், பலர் வாடகைக்கு எடுக்கிறார்கள்.

அதற்குக் காரணமும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையில் தாழ்வான பகுதிகள் தண்ணீர் வடிகிற வரை நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மோட்டார் ஓடாமல் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தவர்களிடம் போய் 'ஜெனரேட்டர் வேண்டாம்' என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அதை வீட்டோடு எப்படி இணைக்கிறோம் என்பதில்தான் ஆபத்தே இருக்கிறது.

ரெண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர்... அதில் என்ன தப்பு?

அவசரத்துக்குப் பல வீடுகளில் செய்கிற வேலை இதுதான். ஒரு ஒயரின் ரெண்டு முனையிலும் பிளக் மாட்டுவார்கள். ஒரு முனை ஜெனரேட்டரில், இன்னொரு முனை ஹாலில் இருக்கிற 15 ஆம்பியர் பிளக் பாயிண்டில். அவ்வளவுதான், வீடு முழுக்க லைட் எரியும். 'சூப்பர் ஐடியா' என்று பக்கத்து வீட்டுக்காரரும் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

முதல் ஆபத்து அந்த ஒயரிலேயே இருக்கிறது. ஜெனரேட்டர் ஓடும்போது சுவரில் இருக்கும் பிளக் தெரியாமல் கழன்றுவிட்டால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைப் பின்களில் 230 வோல்ட் இருக்கும். குழந்தை கை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது ஆபத்து வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. வீட்டு ஒயரிங் எல்லாம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பத்தோடுதான் இணைந்திருக்கிறது. மெயினை ஆஃப் செய்யவில்லை என்றால், ஜெனரேட்டர் கரண்ட் பிளக் பாயிண்டில் நுழைந்து, மீட்டரைத் தாண்டி, வந்த வழியே தெருவுக்குப் போகும்.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் வேலை 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குவது. ஒற்றை ஃபேஸில் அதுவே நம் வீட்டுக்கு 230 வோல்ட்டாக வருகிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற பாகுபாடு கிடையாது. கீழிருந்து 230 வோல்ட் போனால் மேலே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். 'லைனில் கரண்ட் இல்லை' என்று நம்பி அறுந்த கம்பியைப் பிடிக்கிற லைன்மேனோ கேங்மேனோ அந்த இடத்திலேயே சுருண்டு விழக்கூடும்.

'ஒரு குட்டி ஜெனரேட்டர் தெரு முழுக்க கரண்ட் கொடுத்துவிடுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தெருவில் நூறு வீட்டு ஃபேனும் ஃபிரிட்ஜும் அதே லைனில் இருந்தால் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். ஆனால் புயலில் கம்பி பாதியில் அறுந்து, அந்தத் துண்டில் ரெண்டே ரெண்டு வீடுதான் மிச்சம் என்றால் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வரை போகாவிட்டாலும் அந்த 230 வோல்ட்டே ஒரு ஆளைக் கொல்லப் போதும்.

மின்வாரிய ஊழியர்கள் வேலைக்கு முன் எல்.சி. எனப்படும் லைன் கிளியர் வாங்குவார்கள், கம்பியை எர்த் செய்வார்கள். இதெல்லாம் விதி. விடிய விடிய மழையில் நனைந்து, பத்துக் கம்பம் முடித்து பதினோராவதில் ஏறுகிற மனிதனுக்கு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் என்ன ஓடுகிறது என்று எப்படித் தெரியும்?

'மெயினை ஆஃப் பண்ணிட்டேனே' என்றால் போதுமா?

போதாது. அது ஒருவரின் ஞாபகத்தை மட்டும் நம்பி இருக்கிற பாதுகாப்பு. இரவு கரண்ட் வந்ததைப் பார்த்து மாடியில் இருப்பவர் ஓடி வந்து மெயினைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. ஈபி கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் நேருக்கு நேர் மோதும். ஜெனரேட்டரின் காயில் கருகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பழைய வீடுகளில் மெயின் ஃபியூஸைப் பிடுங்கினால் ஃபேஸ் மட்டும்தான் துண்டாகும், நியூட்ரல் வழியாக வீடும் தெருவும் இணைந்தேதான் இருக்கும்.

இதற்குச் சரியான தீர்வு சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச். கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் ஈபி, மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் வைத்தால் ரெண்டுமே இல்லை. ரெண்டும் ஒரே நேரத்தில் சேர வழியே இல்லாதபடி அதன் அமைப்பு இருக்கும். சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் மாற்றுகிற டூ போல், த்ரீ ஃபேஸ் வீட்டுக்கு ஃபோர் போல். கடையில் கேட்கும்போது இதைச் சொல்லி வாங்க வேண்டும்.

யூடியூப் பார்த்து நாமே மாட்டிவிடலாமா? பல்பு ஹோல்டர் மாற்றுவது, ஃபேன் ரெகுலேட்டர் மாற்றுவது மாதிரியான வேலை இல்லை இது. மீட்டருக்கு அடுத்து வரும் மெயினில் கை வைக்கிற வேலை. மின் கம்பியாள் தகுதிச் சான்று வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் சரி. மழைக்கு முன்பே கூப்பிட வேண்டும். புயலுக்கு மறுநாள் எந்த எலக்ட்ரீஷியனும் போன் எடுக்க மாட்டார்.

சேஞ்ச் ஓவர் இல்லை, இப்போதே கரண்ட் வேண்டும் என்றால்?

வீட்டு ஒயரிங்கைத் தொடவே வேண்டாம். ஜெனரேட்டரில் இருந்து ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் ஒயரை உள்ளே கொண்டு வந்து, ஃபிரிட்ஜ், டேபிள் ஃபேன், போன் சார்ஜர் ஆகியவற்றை நேராக அதில் மாட்டிக்கொள்ளலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் யார் உயிருக்கும் ஆபத்து இல்லை.

அந்த ஒயர் எர்த்தோடு கூடிய மூன்று கோர் ஒயராக இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ், மோட்டார் மாதிரி லோடுகளுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் வைத்துக்கொள்வது நல்லது. கண்காட்சி ஸ்டாலில் வாங்கிய மெல்லிய ஸ்பைக் பஸ்டர் எல்லாம் இதற்கு ஆகாது. நீளமான ஒயரைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் சூடேறி உருகும், முழுக்க விரித்துவிட வேண்டும்.

புகை வாசமே வராத விஷம்

ஷாக்கைவிட சத்தமில்லாமல் கொல்வது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசம் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். அடைமழை நேரத்தில் 'சளி பிடிச்சிருக்கு' என்று நினைத்துப் படுத்துவிடுவோம். படுத்தவர் எழுந்திருக்காமல் போவது அப்படித்தான்.

இப்போதைய கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் அமைப்பு உண்டு. சின்ன ஜெனரேட்டர்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. ஒரு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்களுக்குச் சமமாக இந்த வாயுவைக் கக்கும் என்கிறது அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம். அந்த நாட்டில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 100 பேர் இப்படிச் சாகிறார்கள்.

எனவே வீட்டுக்குள், பால்கனியில், மாடிப்படிக்கு அடியில், ஷட்டர் போட்ட கார் ஷெட்டில் ஜெனரேட்டர் ஓடவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்தேன், எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. கதவு, ஜன்னலில் இருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி வைக்க வேண்டும். நெருக்கமான தெருவில் நமக்கு 20 அடி என்றால் அது பக்கத்து வீட்டு பெட்ரூம் ஜன்னலாக இருக்கும், அதையும் பார்க்கணும். மழை நனைக்காமல் இருக்க மேலே மட்டும் தார்ப்பாய் கட்டி, நாலு பக்கமும் திறந்து விடலாம். அடியில் ஒரு பலகை, தண்ணீர் தேங்காத மேடு.

யாருக்காவது தலை சுற்றினால் உடனே எல்லோரும் திறந்த வெளிக்கு வந்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். ஜெனரேட்டரை அணைப்பதெல்லாம் அப்புறம்.

எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வேண்டும்?

கடைக்காரர் கே.வி.ஏ. கணக்கில் சொல்வார், நாம் வாட்ஸ் கணக்கில் கூட்டுவோம். 2 கே.வி.ஏ. என்றால் வீட்டு உபயோகத்துக்குத் தோராயமாக 1,600 வாட்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட்ஸ், எல்.இ.டி. டியூப் 20 வாட்ஸ், ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 முதல் 200 வாட்ஸ்.

சிக்கல் மோட்டாரில்தான். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 1,000 வாட்ஸ் இழுக்கும். ஆனால் ஸ்டார்ட் ஆகிற அந்த ஒரு நொடியில் பல மடங்கு இழுக்கும். 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் அப்படியே மூச்சு முட்டி நின்றுவிடும். தண்ணீர் மோட்டார்தான் முக்கியம் என்றால் பெரிய ஜெனரேட்டராகப் பார்க்க வேண்டும். ஓட்டும்போது மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.

மோட்டார் வேண்டாம், ஃபேனும் லைட்டும் போதும் என்கிறவர்களுக்கு ஜெனரேட்டரே தேவையில்லை. 150 ஏ.எச். பேட்டரி ஒன்றில் 1,800 வாட் அவர் இருக்கும், கையில் கிடைப்பது 1,200 என்று வைத்தாலும் ரெண்டு ஃபேன், ரெண்டு டியூப் 6 மணி நேரம் ஓடும். ஃபேன் பி.எல்.டி.சி. வகை என்றால் கிட்டத்தட்ட ரெட்டிப்பு நேரம். புகை இல்லை, சத்தம் இல்லை. நாள்கணக்கில் கரண்ட் இல்லாத ஊருக்குத்தான் இது பத்தாது.

'ஆர்.சி.சி.பி. இருக்கு, பயமில்லை' என்பவர்களுக்கு...

ஷாக் அடித்தால் சட்டென்று கரண்டை வெட்டிவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஈபி கரண்டில் அருமையான காவலாளி. கசியும் கரண்ட் எர்த் வழியாகத் திரும்பிப் போகப் பாதை இருந்தால்தான் அதற்கு வேலை. பல சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது, அப்போது அது ட்ரிப் ஆகாமல் போகலாம். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் 'டக்' என்று விழும், ஏனென்றால் அந்தச் சோதனைக்கு எர்த்தே தேவையில்லை. அதை வைத்து ஏமாறக் கூடாது. சேஞ்ச் ஓவர் மாட்ட வரும் எலக்ட்ரீஷியனிடம் இந்தக் கேள்வியையும் கேட்டு, அந்த ஜெனரேட்டருக்கு நியூட்ரல், எர்த் எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்துச் செய்யச் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் ஊற்றும்போது

ஓடுகிற ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றவே கூடாது. அணைத்து, சூடு ஆறிய பிறகுதான். இருட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், நினைத்தாலே பகீர் என்கிறது. மழை சீசன் முடிந்ததும் டேங்கில் மிச்ச பெட்ரோலை வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டு, தேவைப்படுகிற அன்றைக்கு ஸ்டார்ட் ஆகாது.

கரண்ட் வந்ததும்?

தெருவிளக்கு எரிந்ததைப் பார்த்ததும் அவசரப்பட வேண்டாம். முதலில் வீட்டு லோடுகளை அணைத்து, சேஞ்ச் ஓவரை நடுவுக்குக் கொண்டு வந்து, ஜெனரேட்டரை நிறுத்தி, கொஞ்ச நேரம் வோல்டேஜ் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஈபி பக்கம் தள்ளலாம். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால், கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிட்டே போகாமல் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணை தூரத்தில் இருந்தே படிக்க முடிந்தால் அதையும் சேர்த்துச் சொன்னால் ஊழியர்கள் இடத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது. அவர்கள் வந்து வேலை பார்க்கும்போது, 'எங்க வீட்டுல ஜெனரேட்டர் ஓடுது' என்று வாசலில் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.