கிறிஸ்துமஸ் புட்டிங்

கிறிஸ்துமஸ் புட்டிங் என்பது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கிறிஸ்துமஸ் விருந்தின் முடிவில் பரிமாறப்படும் இனிப்புப் பண்டமாகும். உலர்ந்த பழங்கள், ரொட்டித் தூள், கோதுமை மாவு, முட்டை, சர்க்கரை, மசாலாப் பொருள்கள், பிராந்தி, சூயட் எனப்படும் கெட்டியான மாட்டுக் கொழுப்பு ஆகியவற்றைக் கலந்து, பல மணி நேரம் வேகவைத்து இதைச் செய்கிறார்கள். கேக்கைப் போல இது ஓவனில் சுடப்படுவதில்லை. ஒரு நெருப்பும் ஒரு பெரிய பாத்திரமும் இருந்தால் போதும். செல்வர் வீட்டிலும் கூலித் தொழிலாளியின் வீட்டிலும் ஒரே பண்டம் பண்டிகை உணவாக நிலைபெற்றதற்கு இந்தச் சமையல் முறை முக்கியமான காரணமாகும்.

பெயர்

இதன் பழைய பெயர் பிளம் புட்டிங். ஆனால் இதில் பிளம் பழம் சேர்வது வழக்கமில்லை. அக்கால ஆங்கிலத்தில் 'பிளம்' என்ற சொல் உலர்ந்த திராட்சையையும் குறித்தது. 'புட்டிங்' என்பதோ, தொடக்கத்தில் விலங்கின் குடலில் இறைச்சி, கொழுப்பு, தானியம் முதலியவற்றைத் திணித்து வேகவைத்த உணவின் பெயர். இனிப்புப் பண்டம் என்ற பொருள் பின்னர் வந்தது.

கஞ்சியிலிருந்து உருண்டைக்கு

இதன் முன்னோடி ஒரு கஞ்சி. இடைக்கால இங்கிலாந்தில் மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சிச் சாற்றில் உலர்ந்த திராட்சை, மசாலா, திராட்சை மது ஆகியவற்றைச் சேர்த்து, ரொட்டித் தூளால் கெட்டியாக்கினர். இது பிளம் பாட்டேஜ் எனப்பட்டது.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புட்டிங்கைத் துணியில் கட்டி வேகவைக்கும் முறை பரவியது. குடலைப் பயன்படுத்தியவரை, விலங்கை வெட்டும் நாளை ஒட்டியே புட்டிங் செய்ய முடிந்தது. துணி வந்தபின் எந்த நாளிலும் செய்யலாம் என்றாயிற்று. துணியைக் கொதிநீரில் நனைத்துப் பிழிந்து, அதன்மேல் மாவைத் தூவி, நடுவில் கலவையை வைத்து இறுகக் கட்டுவார்கள். மாவு வெந்து ஒரு படலமாக மாறி, நீர் உள்ளே புகாமல் தடுக்கும். அடுப்பின்மேல் தொங்கிய ஒரே பாத்திரத்தில் இறைச்சி, காய்கறி, புட்டிங் மூன்றையும் ஒன்றாக வேகவைக்க முடிந்தது.

தடையும் கலகமும்

உள்நாட்டுப் போர்க் காலத்தில் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பியூரிட்டன்கள் செல்வாக்குப் பெற்றனர். கிறிஸ்துமஸுக்கு விவிலியத்தில் ஆதாரம் இல்லை என்பது அவர்கள் கருத்து. 1647 ஜூனில் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் முதலிய திருநாள்களை நீக்கும் ஆணை பிறப்பிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று கேன்டர்பரி நகரில் கடைகளைத் திறக்கும்படி மேயர் வற்புறுத்தினார். மக்கள் எதிர்த்தனர். கடைகள் சூறையாடப்பட்டன. இது 'பிளம் புட்டிங் கலகம்' என்று பெயர்பெற்றது. மறு ஆண்டு கென்ட் பகுதியில் எழுந்த கிளர்ச்சிக்கும் இது ஒரு தொடக்கமாக அமைந்தது. 1660இல் முடியாட்சி திரும்பியபோது திருநாளும் திரும்பியது.

முதலாம் ஜார்ஜ் மன்னர் 1714இல் தம் முதல் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் புட்டிங் கேட்டு அதை மீட்டார் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. இது இருபதாம் நூற்றாண்டில் பரவிய கதையே. அவர் காலத்துச் சான்று எதுவும் இதற்குக் காட்டப்படவில்லை.

18ஆம் நூற்றாண்டில் பிளம் புட்டிங் கிறிஸ்துமஸுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வாட்டிய மாட்டிறைச்சியுடன் சேர்ந்து அது ஆங்கிலேயரின் நாட்டு உணவாகக் கருதப்பட்டது. 1805இல் ஜேம்ஸ் கில்ரே வரைந்த புகழ்பெற்ற கேலிச்சித்திரத்தில், பிரிட்டன் பிரதமர் வில்லியம் பிட்டும் நெப்போலியனும் உலக உருண்டையை ஒரு பிளம் புட்டிங்காக வெட்டிப் பங்கிடுகிறார்கள்.

கிறிஸ்துமஸ் பண்டமாதல்

சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' 1843இல் வெளிவந்தது. அதில் வரும் எழுத்தர் பாப் கிராச்சிட்டின் வாரச் சம்பளம் 15 ஷில்லிங். அவர் வீட்டு வாத்து, ரொட்டிக்கடையின் அடுப்பில் வாட்டப்படுகிறது. புட்டிங்கோ, வீட்டில் துணி வெளுக்கும் கொப்பரையிலேயே வேகிறது. சரியாக வெந்திருக்குமா, கவிழ்க்கும்போது உடைந்துவிடுமா என்று கிராச்சிட்டின் மனைவி பதறுகிறார். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வாங்கமுடிந்த பொருள்கள் அந்தத் துணிக்குள் இருந்தன. பெரிய குடும்பத்துக்கு அது சிறிய புட்டிங்தான் என்று அவ்வீட்டில் யாரும் சொல்வதில்லை.

1845இல் எலைசா ஆக்டன் தம் சமையல் நூலில் 'கிறிஸ்துமஸ் புட்டிங்' என்ற பெயரிலேயே செய்முறையை அச்சிட்டார். 1861இல் வெளிவந்த இசபெல்லா பீட்டனின் குடும்ப நிர்வாக நூல் அதை மேலும் பரப்பியது. பீட்டன் துணிக்குப் பதிலாக அச்சுப் பாத்திரத்தைப் பயன்படுத்தச் சொன்னார். பின்னர் விளிம்புள்ள பீங்கான் கிண்ணம் வழக்கமாகி, உருண்டை வடிவம் அரைக்கோளமாக மாறியது.

வீட்டில் செய்யும் முறை

ஆக்டன் தரும் அளவுகள் ஏறத்தாழ இவை: மாவு, ரொட்டித் தூள் தலா 85 கிராம், சூயட், விதை நீக்கிய உலர்திராட்சை, கரண்ட் எனப்படும் சிறு கறுப்புத் திராட்சை தலா 170 கிராம், பொடியாக நறுக்கிய ஆப்பிள் 115 கிராம், சர்க்கரை 140 கிராம், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் 55 கிராம், ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் அரைத் தேக்கரண்டி, சிறிது உப்பு, ஒரு சிறு கோப்பை பிராந்தி, 3 முட்டைகள். துணியில் கட்டி மூன்றரை மணி நேரம் கொதிக்கவிட வேண்டும் என்கிறார் அவர்.

இன்றைய முறையில் கலவையை நெய் தடவிய கிண்ணத்தில் நிரப்புகிறார்கள். மேலே எண்ணெய்க் காகிதமும் அலுமினியத் தாளும் வைக்கப்படும். கலவை உப்புவதற்கு இடம் இருக்கும்படி நடுவில் ஒரு மடிப்பு விட்டு, விளிம்பைச் சுற்றிக் கயிற்றால் கட்ட வேண்டும். பெரிய பாத்திரத்தின் அடியில் ஒரு சிறு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, பாதி உயரம் வரை கொதிநீர் ஊற்றி மூடுகிறார்கள். 6 முதல் 8 மணி நேரம் மெதுவாக வேக வேண்டும். நீர் குறையும்போது கொதிநீரையே சேர்க்க வேண்டும். பாத்திரம் வற்றினால் கிண்ணம் வெடிக்கக்கூடும்.

இட்லி சில நிமிடங்களில் வெந்துவிடுகிறது. புட்டிங்குக்கு இத்தனை மணி நேரம் ஏன் என்ற கேள்வி எழலாம். கலவை அடர்த்தியானது, வெப்பம் நடுப்பகுதியை அடைய நேரமாகும். சூயட் வெண்ணெயைவிட அதிக வெப்பத்தில்தான் உருகும். அதற்குள் சுற்றியுள்ள மாவு இறுகத் தொடங்குவதால், உருகிய கொழுப்பின் இடத்தில் நுண்ணிய துளைகள் உண்டாகி, பண்டம் மென்மையாகிறது. நீராவி கருகவிடாது. ஆனால் நீண்ட நேர வெப்பத்தில் சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து, கருப்புக்கு நெருங்கிய பழுப்பு நிறத்தைத் தருகின்றன.

ஆறியபின் புதிய காகிதம் கட்டி, குளிர்ந்த, இருண்ட இடத்தில் வாரக்கணக்கில் வைக்கலாம். சர்க்கரையும் மதுவும் கெடாமல் காக்கின்றன. பண்டிகை நாளில் மீண்டும் 2 மணி நேரம் ஆவியில் சூடாக்கி, தட்டில் கவிழ்த்து, சூடாக்கிய பிராந்தியை ஊற்றித் தீ மூட்டுவர். நீலச் சுடர் சில நொடிகள் எரிந்து அணையும். மேலே செருகும் ஹாலிச் செடியின் பழம் நச்சுத்தன்மை உடையது. வெட்டும் முன் அதை எடுத்துவிட வேண்டும்.

கிளறும் ஞாயிறும் நாணயமும்

திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறன்று ஆங்கிலிக்கன் ஆலயங்களில் வாசிக்கப்பட்ட மன்றாட்டு, 'கிளறு' என்றும் 'எழுப்பு' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லுடன் தொடங்கும். புட்டிங் கலக்கும் வேலையை அது நினைவூட்டியதால், அந்நாள் 'கிளறும் ஞாயிறு' ஆயிற்று. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை கிளறி, மனத்துக்குள் ஒரு விருப்பத்தை வேண்டிக்கொள்வர்.

கலவையில் வெள்ளி நாணயம் ஒன்றைப் போடுவதும் வழக்கம். அது யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கு நல்லூழ் என்பது நம்பிக்கை. பிரிட்டனின் வெள்ளி நாணயங்களில் 1920இல் வெள்ளியின் அளவு 92.5 விழுக்காட்டிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டது. 1947 முதல் செம்பு-நிக்கல் கலவை வந்தது. ஆகவே பழைய நாணயத்தைப் பத்திரப்படுத்தி ஆண்டுதோறும் பயன்படுத்தும் குடும்பங்கள் உண்டு.

பேரரசின் புட்டிங்

ஆங்கிலேயரின் நாட்டு உணவான இதன் சுவைப் பொருள்களில் பல இங்கிலாந்தில் விளைவதில்லை. கரண்ட் கிரேக்கத்திலிருந்தும், உலர்திராட்சை ஸ்பெயினிலிருந்தும் வந்தன. மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையை 1834 வரை அடிமைகளாக்கப்பட்ட மக்கள் விளைவித்தனர். இப்பொருள்களின் விலை இறங்க இறங்கத்தான் புட்டிங் எளியோர் வீட்டை எட்டியது.

1926இல் தொடங்கப்பட்ட பேரரசுச் சந்தைப்படுத்தல் வாரியம், மறு ஆண்டு அரண்மனைச் சமையல் தலைவர் ஹென்றி செடார்டின் 'பேரரசுக் கிறிஸ்துமஸ் புட்டிங்' செய்முறையைப் பரப்பியது. அதில் 17 பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நாட்டின் பெயர் இருந்தது: ஆஸ்திரேலியாவின் உலர்திராட்சை, நியூசிலாந்தின் சூயட், சான்சிபாரின் கிராம்பு, இலங்கையின் இலவங்கப்பட்டை, இந்தியாவின் மசாலா, ஜமைக்காவின் ரம். கில்ரேயின் சித்திரத்தில் கேலியாக இருந்த ஒப்புமை, இங்கே அரசு விளம்பரமாக மாறியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் இப்பொருள்கள் வரும் கடல்வழிகள் ஆபத்துக்குள்ளாயின. 1940 ஜனவரியில் பங்கீடு தொடங்கியது. பழத்துக்கும் சர்க்கரைக்கும் ஈடாகத் துருவிய காரட்டும், முட்டைக்குப் பதில் முட்டைப் பொடியும் புட்டிங்கில் சேர்ந்தன. உணவுப் பங்கீடு 1954இல்தான் முற்றிலும் முடிந்தது.

இன்று பெரும்பாலோர் புட்டிங்கைக் கடையில் வாங்கி, மைக்ரோவேவில் சில நிமிடங்களில் சூடாக்குகிறார்கள். மாட்டுக் கொழுப்பை விலக்குவோருக்குத் தாவரக் கொழுப்பில் செய்த சூயட்டும் கிடைக்கிறது. வீட்டில் செய்பவர்கள் மட்டும், நவம்பர் இறுதியில் ஒரு நாள் முழுவதும் அடுப்பருகே இருந்து நீரின் அளவைப் பார்த்துக்கொள்கிறார்கள்.