ஓலையிலிருந்து ஓட்டுக்கு: நாகர்கோவில் விளை வீடுகளின் மரபு மதிப்பு

நாகர்கோவிலில் கட்டையன்விளை, பள்ளிவிளை, வாத்தியார்விளை என்று ‘விளை’யில் முடியும் பகுதிகள் பல உண்டு. விளை என்பது வயலல்லாத மேட்டு நிலம். பனையும் தென்னையும் மாவும் நிற்கும் தோட்டம். விக்டோரியா அரசியின் காலத்தில் (1837–1901) இத்தகைய தோட்டங்களில் தனி வீடுகள் எழுந்து பெருகின. யார் எப்படிப்பட்ட வீடு கட்டலாம் என்பதற்கான உரிமைப் போராட்டத்தோடு சேர்த்தே அவற்றின் மரபு மதிப்பை எடைபோட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இவற்றுக்கு முந்தைய குடியிருப்பு முறையை வடிவீஸ்வரத்தில் காணலாம். அழகம்மன் கோயிலை ஒட்டிய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் சேர்ந்து நிற்கும். தெருவைப் பார்த்துப் படிப்புரை (திண்ணை), உள்ளே பட்டாசல் (கூடம்), அரங்கு (உள்ளறை), அடுக்களை என்று வீடு பின்னோக்கி நீளும். இங்கே கோயிலும் சாதியும் தெருவை வகுத்தன.

இரண்டாவது முறை மிஷன் காம்பவுண்டோடு வந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட், பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் ஆதரவோடு 1818இல் மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்குத் தலைமையிடத்தை மாற்றினார். 1819இல் ஹோம் சர்ச் என்ற தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பள்ளிகளும் அச்சுக்கூடமும் தொடர்ந்தன. 1821இல் மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பின்னல் பெண்களுக்குக் கைக்காசு தந்தது. தோட்டத்தின் நடுவே வராந்தாவும் கிணறும் மரநிழலுமாக நின்ற பங்களாவை உபதேசியாரும் வாத்தியாரும் தினமும் பார்த்தார்கள்.

பார்த்த உடனே கட்டிவிட முடியவில்லை. திருவிதாங்கூரில் நாடார் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தார் குடை பிடிக்கவும், செருப்பு அணியவும், மாடி எழுப்பவும் தடை இருந்தது. பனையேறிகளின் குடியிருப்பு பெரும்பாலும் ஓலைக்கூரைதான். 1859இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா வெளியிட்ட பிரகடனம் தோள்சீலைப் போராட்டத்தில் ஒரு திருப்பம். நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ள அது வழிவிட்டது, உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்ற கட்டுடன். 1865ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்டப் பிரகடனம் சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்தோருக்கு முழு உரிமை தந்தது. அதே 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. உடுத்தும் உரிமை, நிலத்தின் உரிமை, ஓடு மூன்றும் ஒரே தலைமுறையின் கைக்கு எட்டத் தொடங்கின. விளை வீட்டை இந்தச் சேர்க்கையில் வைத்தே நான் படிக்கிறேன்.

இவ்வகை வீடொன்றின் கூரையை உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் இந்த வரலாறு கண்ணுக்குத் தெரியும். ஓட்டைத் தாங்கும் சட்டங்கள் வைரம் பாய்ந்த பனங்கைகள். கருத்து, இரும்புபோல் இறுகி, நார்க்கோடுகள் தெரிய நிற்பவை. தலைமுறைகளாக ஏறிப் பிழைத்த மரமே வீட்டைத் தாங்குகிறது. முன்புற வராந்தா பங்களாவைப் பார்த்து வந்தது. உள்ளே பட்டாசலும் அரங்கும் வடிவீஸ்வரத்து முறையிலேயே இருக்கின்றன. இரண்டு மரபையும் ஒருவர் தம் தேவைக்கேற்ப இணைத்திருக்கிறார்.

1893இல் நாகர்கோவிலின் மணிக்கூண்டான மணிமேடை எழுந்தது. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா திறந்துவைத்த அந்தக் கோபுரத்துக்குக் கடிகாரம் அளித்தவர் மிஷனரி ஜேம்ஸ் டதி. தெருவீட்டுக்கும் விளைவீட்டுக்கும் பொதுவாக அன்றுமுதல் ஒரே மணி அடித்தது.

இன்று மணிமேடையை ஊரே போற்றுகிறது; விளை வீடுகளோ பாகப்பிரிவினையில் துண்டாகின்றன. கதவும் நிலையும் பழைய மரம் வாங்குவோரிடம் போகின்றன. இங்கிலாந்து 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிக் கட்டடத்தை மட்டுமல்லாமல் பகுதி முழுவதையும் பாதுகாக்க வழி செய்தது. தமிழ்நாட்டிலும் 2012ஆம் ஆண்டின் மரபு ஆணையச் சட்டம் இருக்கிறது. அரண்மனைக்கும் கோயிலுக்கும் தரும் கவனத்தில் ஒரு பங்கையாவது குடியிருப்புகளுக்கும் தர வேண்டும்.

முதல் வேலை ஆவணப்படுத்தல். வீட்டோடு விளையின் எல்லையையும், கிணற்றையும், மரங்களையும், பத்திரங்களையும், வீட்டுப் பெரியவர்களின் நினைவையும் ஒருசேரப் பதிய வேண்டும். கட்டுவதற்கு உரிமை மறுக்கப்பட்டவர்கள் கட்டிய கூரை அது. இடிப்பதற்கு முன் அதன் பனங்கைகளையாவது எண்ணி எழுதிவைக்கும் கடமை நமக்கு இருக்கிறது.