சாயவேர்: இயற்கை என்றொரு புனைவு

சேலையூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பல்லாவரத்துத் தோல் ஷாப்பு ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். போன மாதம் கைத்தறிக் கண்காட்சியிலிருந்து என் தங்கை ஒரு சிவப்புத் துணி வாங்கி வந்து திண்ணையில் விரித்துக் காட்டினாள். "கெமிக்கலே கெடையாதுண்ணா, எல்லாம் இயற்கை" என்றாள். துணியில் கோத்திருந்த அட்டையிலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. பெரியவர் துணியைத் தடவிப் பார்த்தார். "படிகாரம் போடாம செவப்பு எப்படிம்மா நிக்கும்? படிகாரம் கெமிக்கல் இல்லியா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாத்தம் புடிச்ச வேலைய எவன் செஞ்சான்னு அந்த அட்டையில போட்டிருக்கானா?" என்றும் கேட்டார்.

இந்த இரண்டு கேள்விகளும் சாயத்தின் வரலாற்றை இரண்டு பக்கமிருந்து திறக்கின்றன. முதல் கேள்வி அறிவு பற்றியது. இரண்டாவது உழைப்பு பற்றியது. 'இயற்கை' என்ற சொல் இரண்டையும் ஒருசேர மறைத்துவிடுகிறது என்பதே என் வாதம்.

சோழமண்டலக் கடற்கரைத் துணிகளுக்கு உலகச் சந்தையைப் பிடித்துக் கொடுத்த சிவப்பு, சாயவேர் என்ற சிறு செடியிலிருந்து வந்தது. கடலோர மணலில் வளரும் செடி. நூல் போல மெலிந்த நீண்ட வேர். அந்த வேரின் பட்டையில் அலிசரின் என்ற பொருள் இருக்கிறது. வேரைக் காய்ச்சிய நீரில் வெறும் துணியை முக்கினால் சிவப்பு வராது. மங்கலாக ஏதோ ஒட்டும், துவைத்தால் போய்விடும். துணியில் முன்பே படிகாரம் ஏறியிருக்க வேண்டும். அலுமினியமும் சுண்ணாம்புச் சத்தும் அலிசரினோடு பிணைந்து, நீரில் கரையாத சிவப்பாக நூலுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கின்றன. பாடநூல்கள் இதை நிறமூன்றி என்கின்றன.

இதை நம் சாயக்காரர்கள் எவ்வளவு நுட்பமாகக் கையாண்டார்கள் என்று பாருங்கள். வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். பாலின் கொழுப்பு, கோடு போடும்போது நீர் பரவாமல் தடுக்கும். பிறகு படிகார நீரால் சித்திரம் வரைவார்கள். அந்நீருக்கு நிறமில்லை என்பதால், கண்ணுக்குத் தெரிவதற்காகக் கொஞ்சம் பதங்கச் சாயம் சேர்ப்பார்கள். அப்புறம் முழுத் துணியையும் சாயவேரில் காய்ச்சினால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். மற்ற இடங்களில் ஒட்டியதைச் சாணமும் வெயிலும் வெளுத்துவிடும். கறுப்புக்கு வேறு கணக்கு: துருப்பிடித்த இரும்பைப் புளித்த நீரில் ஊறப்போட்டு எடுத்து வரைந்தால், துணியிலுள்ள கடுக்காயோடு சேர்ந்து கறுக்கும். இது வேதியியல் இல்லையென்றால் வேறு எது வேதியியல்?

நீலம் இன்னும் வியப்பானது. அவுரி இலையில் நீலமே கிடையாது. நிறமற்ற ஒரு பொருள் இருக்கிறது. தொட்டியில் ஊறிப் புளிக்கும்போது அது உடைகிறது. நீரைக் கலக்கக் கலக்கக் காற்று பட்டு நீலமாகி அடியில் படிகிறது. அந்த நீலம் நீரில் கரையாது. துணியில் ஏற்றத் தகரை விதையும் சுண்ணாம்பும் சேர்த்து மறுபடி புளிக்கவைத்து, நீலத்தை இழக்கச் செய்து, துணியை முக்கி எடுத்துக் காற்றில் காட்ட வேண்டும். பச்சையாக வெளிவரும் துணி நம் கண்ணெதிரே நீலமாகும்.

1742இல் கெர்தூ என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் இந்தச் செய்முறையைச் சோழமண்டலக் கரையிலிருந்து கடிதமாக எழுதி அனுப்பினார். சாயத் தொழில் தெரிந்த, புதிதாகக் கிறித்தவரான ஆட்களைத் திரும்பத் திரும்ப விசாரித்து எழுதியதாக அவரே சொல்கிறார். அப்போது பிரான்ஸ் இந்திய வண்ணத் துணிகளை 1686 முதல் தடைசெய்திருந்தது. இங்கிலாந்தும் 1701இலும் 1721இலும் தடைச் சட்டங்கள் போட்டது. துணி நுழையக் கூடாது, துணியின் அறிவு நுழையலாம்! 1759இல் பிரெஞ்சுத் தடை நீங்கியது. அடுத்த ஆண்டே ழூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் அச்சுத்துணிப் பட்டறை தொடங்கினார். பாதிரியார் பெயர் இருக்கிறது, முதலாளி பெயர் இருக்கிறது. பதில் சொன்ன சாயக்காரர்களின் பெயர்களை வரலாறு கேட்டு வைக்கவில்லை. ஐரோப்பாவில் அச்சேறியதும் விஞ்ஞானமானது, இங்கே 'பாரம்பரியம்' என்ற பெயரில் கிடக்கிறது.

இனிப் பெரியவரின் இரண்டாவது கேள்வி. சாயவேர் தானாக மேலே வருவதில்லை. வெயிலில் மணலைக் கிளறி, அறுபடாமல் எடுக்க வேண்டும். இலங்கையின் வடக்கிலும் மன்னாரிலும் டச்சுக்காரர்கள் சாயவேரை அரசின் முற்றுரிமையாக வைத்திருந்தார்கள். அதைத் தோண்டுவது சாதியின் பேரால் கட்டாயக் கடமையாக இருந்தது. வேர்க்குத்திகள் என்று அவர்களுக்குப் பெயர். பிரிட்டிஷார் வந்தும் முற்றுரிமை உடனே போய்விடவில்லை. அவுரித் தொட்டியிலும் இதே கதைதான்: அழுகிய இலையின் நாற்றத்தில், இடுப்பளவு நீரில் நின்று மணிக்கணக்காகக் கலக்கியவர்கள் கூலிகள். வங்காளத்தில் 1859இல் விவசாயிகள் அவுரிக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனதும் அவுரிக்காகத்தான். அந்தத் தோட்டங்களில் செயற்கை ஏதுமில்லை. முழுக்க இயற்கைச் சாயம், முழுக்கக் கட்டாயம்.

1868இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் அலிசரினை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். 1897இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாயவேரும் அவுரியும் சரிந்தன. மூலக்கூறு அதேதான், மாறியது அது யார் கையில் இருக்கிறது என்பது. வேர் தோண்டியவருக்கு இது விடுதலையா, பிழைப்புப் போனதா? இரண்டும்தான். இதில் ஒன்றை மட்டும் சொல்லும் வரலாறுகளை நாம் சந்தேகிக்க வேண்டும்.

எங்கள் பகுதியே இதற்குச் சாட்சி. 1797இல் வோக்லன் ஒரு புதிய உலோகத்தைக் கண்டறிந்தார். அதன் சேர்மங்கள் பல வண்ணம் காட்டியதால் நிறத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து குரோமியம் என்று பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோமியத்தால் தோல் பதனிடும் சோதனைகளைச் செய்தார். கவலைச் சால் நீரில் நெடுநாள் உழைக்க வேண்டும் என்பதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று. பிறகு வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரே குரோம்பேட்டை ஆயிற்று. நிறத்தின் பெயரில் ஒரு ஊர்! அதன் பக்கத்து நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலம் நல்ல காலமா என்று பெரியவரிடம் கேட்டேன். "பட்டையோ குரோமோ, சுண்ணாம்புக் குழியில எறங்குனவன் நாங்கதான். பட்டைத் தண்ணி நெலத்தக் கெடுக்கல, அவ்ளோதான் வித்தியாசம்" என்றார்.

அந்த 'அவ்ளோதான்' சின்ன விஷயமில்லை. நொய்யலைச் சாகடித்த திருப்பூர்ச் சாயக் கழிவும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன சென்னை உயர்நீதிமன்ற உத்தரவும் நமக்கு நினைவிருக்கிறது. ஆகவே அவுரிக்கும் சாயவேருக்கும் திரும்பும் முயற்சிகளை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் 'இயற்கை' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அறிந்து செய்த மனிதர்களை மீண்டும் செடிகொடிகளின் கணக்கில் எழுதிவிடுகிறோம். எந்த நிறமூன்றி, கழிவுநீர் எங்கே போயிற்று, வேரை எடுத்தவருக்கு என்ன கூலி, அந்த வேலையை மறுக்கும் உரிமை அவருக்கு உண்டா — இத்தனையும் அட்டையில் வர வேண்டும்.

தங்கை அந்த அட்டையைக் கத்தரித்து எடுத்து வைத்திருக்கிறாள். அடுத்த கண்காட்சியில் இதையெல்லாம் கேட்கப்போகிறாளாம். பெரியவரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.