லாக்ஸ்டன்

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில், ஆலர்ட்டன் என்ற சிறுநகருக்கு அருகில் உள்ள விவசாயப் பாரிஷ். வேலியில்லாத பொது வயலைப் பல குடும்பங்கள் கீற்றுக் கீற்றாகப் பங்கிட்டு உழும் இடைக்கால வேளாண்முறை, அதை மேற்பார்க்கும் ஊர் நீதிமன்றத்தோடு சேர்ந்து இன்றும் இங்கு நடக்கிறது.

1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப் பதிவேட்டில் இவ்வூர் ஜெஃப்ரி ஆல்செலினின் உடைமையாக வருகிறது. நார்மானியர் எழுப்பிய மண்கோட்டையின் மேடு ஊருக்கு வடக்கே இன்னும் நிற்கிறது. ஷெர்வுட் அரச வனத்தின் காவல் உரிமை பெற்ற குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன.

ஊரின் பெருஞ்சொத்து 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த நில வரைபடம். அப்போதைய நிலவுடைமையாளர் சர் வில்லியம் கோர்ட்டனுக்காக எடுக்கப்பட்ட அந்த அளவையில் 2,000க்கும் மேற்பட்ட கீற்றுகள் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. உழுபவர்களும் அறுப்பவர்களும்கூட அதில் சிறு உருவங்களாகத் தீட்டப்பட்டிருக்கிறார்கள். அது இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்கள் இங்கிலாந்தின் பொது வயல்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கின. லாக்ஸ்டனிலும் ஒரு பகுதி வேலிக்குள் போனது. பிற்காலத்தில் கீற்றுகள் ஒன்றிணைக்கப்பட்டு எண்ணிக்கையும் குறைந்தது. ஆயினும் மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்ற மூன்றும் பிழைத்தன. ஆண்டுதோறும் ஒன்றில் குளிர்காலக் கோதுமை, மற்றொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு முறை மாறும். பண்ணை வீடுகள் வயலில் இல்லாமல் ஊர்த் தெருவிலேயே அடுத்தடுத்து இருப்பதற்கும் கீற்றுக் கீற்றான நிலப் பங்கீடே காரணம்.

நவம்பர் இறுதியில் ஊர் ஜூரிகள் கோதுமை விதைத்த வயலைச் சுற்றிவருவார்கள். எல்லை குழம்பிய இடத்தில் முளைக்குச்சி அடிப்பார்கள். பாதையையோ பொதுப் புல்தரையையோ எவராவது ஏர் நுழைத்து அபகரித்திருந்தால் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் கூடும் ‘கோர்ட் லீட்’ என்ற ஊர் நீதிமன்றம் அபராதம் விதிக்கும். தொகை சிறியதுதான், ஆனால் தீர்ப்பளிப்பவர்கள் பக்கத்துக் கீற்றை உழுபவர்கள். எவ்வளவு பெரிய பண்ணைக்காரரும் அவர்கள் கண்ணுக்குத் தப்ப முடியாது. பழைய மன்றங்களின் அதிகாரத்தை நீக்கிய 1977ஆம் ஆண்டின் சட்டமும் லாக்ஸ்டன் மன்றத்துக்கு விலக்கு அளித்தது.

ஆர்வின் தம்பதியர் 1938இல் வெளியிட்ட ஆய்வுநூல் ஊரை அறிஞர்களிடையே அறிமுகப்படுத்தியது. நிலவுடைமையாளரான மேன்வர்ஸ் பிரபு 1952இல் நிலத்தை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது கிரவுன் எஸ்டேட்டுக்கும், 2020இல் மேன்வர்ஸ் குடும்பத்தின் பழைய பண்ணையான தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கும் கைமாறியது. உடைமையாளர் இத்தனை முறை மாறியும் லாக்ஸ்டனை லாக்ஸ்டனாகவே வைத்திருப்பது அதன் ஊர் மன்றம்தான்.