குளிரில் நின்ற இரத்த ஓட்டம்: இதய அறுவை சிகிச்சையின் ஒரு சரித்திரம்

ஜனக்புரியில் எங்கள் மாலை நடைக் கோஷ்டியில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் சர்க்கரையிலும் பைபாஸிலும்தான் வந்து நிற்கும். எட்டுப் பேரில் மூன்று பேருக்கு மார்பில் தையல் தழும்பு உண்டு. "என் இதயத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள், தெரியுமோ?" என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். உண்மைதான். ஆனால் அவர்களுக்கு நின்றது இதயம் மட்டும்தான். இரத்த ஓட்டம் நிற்கவில்லை. வெளியே ஓர் இயந்திரம் அதை நடத்திக்கொண்டிருந்தது. சில அபூர்வமான அறுவை சிகிச்சைகளில் அந்த இயந்திரத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். உடலை 18 டிகிரி செல்சியஸ் வரை குளிர வைத்து, இரத்தம் எங்குமே ஓடாத நிலையில் வேலையை முடித்து, மறுபடி சூடேற்றி எழுப்புகிறார்கள்.

இந்த முறை எப்படி வந்தது என்பதை அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. நான் டாக்டர் அல்ல. மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன். இதையெல்லாம் தேடிப் படிக்க வேண்டிய அவசியம் எங்கள் குடும்பத்தில் ஏற்பட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் உடலின் சாதாரண உஷ்ணம் 37 டிகிரி. அந்த உஷ்ணத்தில் மூளைக்கு இரத்தம் நான்கைந்து நிமிஷம் கிடைக்காமல் போனாலே சேதம் தொடங்கிவிடும். இதயத்தைத் திறந்து உள்ளே உள்ள ஓட்டையை நிதானமாகத் தைக்க அந்த நேரம் போதாது. அதனால்தான் 1950 வரை, துடிக்கும் இதயத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துச் செய்யக்கூடிய ஒன்றிரண்டு வேலைகளைத் தவிர, சர்ஜன்கள் அதைத் தொடத் தயங்கினார்கள்.

வழி காட்டியவர் கனடாவின் டொரான்டோ நகரத்து டாக்டர் வில்ஃபிரட் பிகலோ. 1941ல் கடுங்குளிரில் விரல்கள் உறைந்துபோன ஒரு நோயாளிக்குச் சிகிச்சை செய்தபோது அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. குளிர்ந்த உறுப்புக்குப் பிராணவாயு குறைவாகத்தானே தேவைப்படும்? அந்தக் காலத்தில் பலரும் இதற்கு நேர்மாறாக நினைத்தார்கள். குளிரினால் உடல் நடுங்கும், நடுங்கினால் பிராணவாயுச் செலவு கூடும் என்பது அவர்கள் வாதம். மயக்க மருந்தின் உதவியால் நடுக்கத்தை அடக்கிவிட்டால் செலவு மளமளவென்று குறைகிறது என்று பிகலோ நாய்களை வைத்துக் காட்டினார். 20 டிகிரிக்குக் குளிர வைத்து 15 நிமிஷம் இரத்த ஓட்டத்தை நிறுத்தியும், கிட்டத்தட்டப் பாதி நாய்கள் பிழைத்தன. 1950ல் இதை வெளியிட்டார். அந்தப் பரிசோதனைகளில் ஒருமுறை நின்றுபோன இதயத்தை அவர் லேசாகக் குத்த, அது ஒரு துடிப்புத் துடித்தது. பேஸ்மேக்கர் ஆராய்ச்சிக்கு அவரும் சகாக்களும் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மனிதரிடம் இதை முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்து டாக்டர் ஜான் லூயிஸ். 1952 செப்டம்பர் 2ஆம் தேதி, இதயத்தின் மேலறைச் சுவரில் ஓட்டையோடு பிறந்த ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் குளிர்ந்த விரிப்புகளால் சுற்றி 28 டிகிரிக்குக் கொண்டுவந்தார். இதயத்துக்கு வரும் இரத்தத்தை ஐந்தரை நிமிஷம் தடுத்து, ஓட்டையைத் தைத்து முடித்தார். பிறகு குழந்தையை வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடேற்றினார்கள். குழந்தை பிழைத்தது.

ஆனால் இப்படிக் கிடைத்தது சில நிமிஷங்களே. 28 டிகிரிக்குக் கீழே போனால் இதயம் தாளம் தப்பித் துடிக்க ஆரம்பித்துவிடும். 1953 மே 6ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் டாக்டர் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு ஓர் இளம்பெண்ணுக்கு ஓட்டையை மூடினார். இயந்திரம் வந்தபிறகு குளிர் தேவையில்லை என்று தோன்றலாம். நடந்தது வேறு. குளிரும் இயந்திரமும் கைகோத்துக்கொண்டன. இரத்தத்தை இயந்திரத்துக்குள்ளேயே குளிர வைத்துத் திருப்பி அனுப்பினால், இதயத் தாளம் தப்பினாலும் கவலையில்லை, இயந்திரம்தான் ஓட்டுகிறதே! இந்த வகையில் 1959ல் லண்டனில் டாக்டர் சார்லஸ் ட்ரூ 15 டிகிரி வரை இறங்கினார். 1960களின் இறுதியில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் டாக்டர் பாரட்-பாய்ஸ் சின்னஞ்சிறு சிசுக்களுக்கு இதைப் பயன்படுத்தினார். மகாதமனியின் வளைவை மாற்ற இந்த முறை உதவும் என்று 1975ல் டாக்டர் ராண்டல் கிரீப் எழுதினார். மூளைக்குப் போகும் குழாய்கள் அந்த வளைவிலிருந்துதான் கிளம்புகின்றன. அங்கே கத்தி வைக்கும்போது இரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது.

நம் தேசம் ரொம்பப் பின்தங்கிவிடவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949ல் அமெரிக்கரான டாக்டர் ரீவ் பெட்ஸ் நெஞ்சக அறுவைத் துறையைத் தொடங்கினார். அங்கே உருவான டாக்டர் நாகரூர் கோபிநாத், 1962ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவையைச் செய்தவர் என்று போற்றப்படுகிறார். சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் 1975ல் டாக்டர் கே. எம். செரியன் நாட்டின் முதல் கரோனரி பைபாஸைச் செய்தார். கோபிநாத் பிற்பாடு எங்கள் டில்லிக்கு வந்து, எய்ம்ஸில் இதய அறுவைத் துறையை வளர்த்தார். அதே எய்ம்ஸில் 1994 ஆகஸ்ட் 3ஆம் தேதி டாக்டர் பி. வேணுகோபால் செய்ததுதான் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று. அதிலும் குளிரின் பங்கு உண்டு. தானமாக வந்த இதயத்தைப் பனிக்கட்டியின் குளிர்ச்சியில் வைத்திருப்பதால்தான் அது சுமார் நான்கு மணி நேரம் தாங்குகிறது.

இனி எங்கள் வீட்டு விஷயம். சில வருஷங்களுக்கு முன் என் அத்திம்பேருக்கு மகாதமனி வளைவில் வீக்கம் கண்டுபிடித்தார்கள். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. உடனே அறுவை என்றார்கள். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தில் 'முழு இரத்த ஓட்ட நிறுத்தம்' என்று கண்டிருந்தது. அக்கா பேனாவை வாங்கிக்கொள்ளாமல் என்னைப் பார்த்து, "அந்த இருபது நிமிஷம் அவர் இருக்காராடா, இல்லையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சர்ஜன் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, இதயம் துடிக்காது, மூச்சு இருக்காது, மூளையின் மின் அலைகூடப் பதிவாகாது. ஆனாலும் அவர் இறந்தவர் இல்லை. திரும்பச் சூடேற்றியும் எழாவிட்டால்தான் அந்த வார்த்தை."

விளக்கம் இதுதான். உஷ்ணம் 10 டிகிரி குறைந்தால் உடலின் பிராணவாயுத் தேவை ஏறக்குறையப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். 18 டிகிரியில் மூளை சுமார் அரை மணி தாங்கும். 40 நிமிஷம் தாண்டினால் பக்கவாதம் போன்ற ஆபத்துகள் ஏறும். குளிரில் இரத்தம் கெட்டிப்படும் என்பதால் அதை நீர்க்க வைக்கிறார்கள். தலையைச் சுற்றி ஐஸ் வைப்பதும் உண்டு. சூடேற்றுவதை அவசரமில்லாமல் செய்ய வேண்டும். வேகமாக ஏற்றினால் மூளைக்குக் கெடுதல். குளிர்ந்த இரத்தம் சீக்கிரம் உறையாது. ஆகவே கசிவு அதிகம். இப்போது பல இடங்களில் உடலின் மற்ற பாகங்களுக்கு ஓட்டத்தை நிறுத்தினாலும், வலது தோள் பக்கத்து நாளம் வழியாக மூளைக்கு மட்டும் தனியாக இரத்தம் அனுப்புகிறார்கள். அதனால் அவ்வளவு குளிர வைக்காமல் 24 முதல் 28 டிகிரியிலேயே வேலை முடிகிறது.

அக்கா கையெழுத்துப் போட்டாள். அத்திம்பேர் மறுநாள் மாலை கண் திறந்தார். குரல் கம்மி, சில வாரங்கள் பெயர்கள் மறந்துபோய், பிறகு மெல்லத் தேறினார். எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது இன்றும் பெரிய அறுவைதான்.

இத்தகைய சிகிச்சைக்கு உங்கள் வீட்டில் யாராவது போக நேர்ந்தால் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இரத்த ஓட்டம் முழுதும் நிற்குமா, அப்படியானால் எத்தனை நிமிஷம்? மூளைக்குத் தனியாக இரத்தம் போகுமா? எத்தனை யூனிட் இரத்தம் தேவைப்படும்? கடைசிக் கேள்விக்கு விடை நம்மிடமே இருக்கிறது. அத்திம்பேருக்காக இரத்தம் கொடுக்க ஜனக்புரியிலிருந்து காலை ஆறு மணிக்கே கிளம்பி வந்த பிள்ளைகள் ஐந்து பேர். அவர்களில் இருவரை அதற்கு முன் நாங்கள் பார்த்ததுகூட இல்லை. ஒவ்வொரு ஊர்க் கிளையிலும் இரத்தப் பிரிவோடு இளைஞர்களின் பட்டியல் ஒன்றை, அவர்கள் சம்மதத்தோடு, தயாராக வைத்திருக்கும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.