ஏழைச் சிறுவர் கைக்கு வயலின் வந்த வரலாறு

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவுக்கு 1834-ஆம் ஆண்டில் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இது இசை வரலாற்றை அறிந்தோர் யாவரும் அறிந்த செய்தியாகும். அதற்கு முன்னரே முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858), மணலி வெங்கடகிருஷ்ண முதலியாரின் ஆதரவில், சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் இக்கருவியைப் பயின்று, நம் இசைக்கு ஏற்றதாக அதனை ஆக்கினார். ஒருவருக்கு வள்ளல் துணை நின்றார். மற்றவருக்கு மன்னர் துணை நின்றார். வள்ளலும் மன்னரும் எட்டிப் பாராத கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இக்கருவி எவ்வாறு கிட்டியது?

இவ்வினாவுக்குரிய விடை அரண்மனைகளில் இல்லை. ஜெர்மானிய நாட்டின் மலைக் கிராமங்களிலும், இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளி ஒன்றிலும் அது இருக்கிறது. பிள்ளைக்கு முதல் வயலின் வாங்க நினைக்கும் பெற்றோரும், அவர்களுக்கு அறிவுரை கூறும் ஆசிரியரும் அறிந்துகொள்ளத்தக்க வரலாறு இது.

கிரெமோனாவின் பெயர்

வயலின் இன்றைய வடிவை அடைந்தது 16-ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். கிரெமோனா நகரத்து ஆந்திரேயா அமாத்தி அதன் முன்னோடிகளுள் தலையாயவர். அதே நகரில் 1737-இல் மறைந்த அந்தோனியோ ஸ்திராதிவாரி இத்தொழிலின் சிகரம் எனப் போற்றப்படுகிறார். இவர்களுடைய பட்டறைகளில் ஓர் ஆசானும் அவருடைய மக்களும் மாணாக்கரும் அமர்ந்து ஒரு கருவியைத் தொடக்கம் முதல் இறுதி வரை செய்து முடித்தனர். முன்பலகைக்கு ஸ்புரூஸ் மரம், பின்பலகைக்கு மேப்பிள் மரம். இரண்டும் ஆண்டுக் கணக்கில் உலர்ந்தவை. இவ்வாறு உருவான கருவியை வாங்கப் பிரபுக்களாலும் திருச்சபைகளாலுமே இயன்றது.

செய்து முடித்த கருவியின் உள்ளே, செய்தவர் பெயரும் ஊரும் ஆண்டும் பொறித்த சிறு காகிதச் சீட்டை ஒட்டுவது வழக்கம். இந்தச் சீட்டு பின்னாளில் உலகெங்கும் ஒரு பெரும் மயக்கத்தை விளைவிக்கப் போகிறது என்பதை அந்த ஆசான்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

பெட்டி செய்தவர்கள்

பொகீமியாவில் சமயக் கொடுமைக்கு அஞ்சி எல்லை கடந்து சாக்சனிக்குள் புகுந்த புராட்டஸ்டண்டு சமயத்தாரான வயலின் தொழிலாளர் 12 பேர், 1677-ஆம் ஆண்டில் மார்க்நொய்கிர்ஹன் என்னும் சிற்றூரில் தமக்கென ஒரு தொழிற்சங்கத்தை அமைத்தனர். அகதிகள் நட்ட அந்த நாற்று 19-ஆம் நூற்றாண்டில் பெருமரமாயிற்று. பவேரியாவில் மிட்டென்வால்டு, பிரான்சில் மிர்கூர் ஆகிய ஊர்களும் இதே தொழிலில் புகழ்பெற்றவை. ஆயினும், மலிவு விலைக் கருவிகளின் எண்ணிக்கையில் சாக்சனியை விஞ்சியவர் இலர்.

மலிவுக்குக் காரணம் தொழிற் பகுப்பாகும். ஒரு குடும்பம் கழுத்தையும் அதன் முனைச் சுருளையும் மட்டும் செதுக்கும். மற்றொரு குடும்பம் உடலை மட்டும் செய்யும். உடல் செய்பவரைப் 'பெட்டி செய்பவர்' என்றே அப்பகுதியில் அழைத்தனர். வில் செய்பவர் வேறு. ஆட்டுக்குடலில் நரம்பு திரிப்பவர் வேறு. மெருகு பூசுபவர் வேறு. எல்லைக்கு இருபுறமும் உள்ள கிராமங்களில், குடிசைகளில், குடும்பமே கூடியிருந்து வேலை செய்தது. செய்த பொருளுக்கு எண்ணிக்கைப்படிக் கூலி. உறுப்புகளைக் கொள்முதல் செய்து, ஒன்றுசேர்த்து, கப்பலேற்றியவர் வணிகர்.

அவ்வணிகரின் செல்வச் செழிப்புக்கு மார்க்நொய்கிர்ஹனில் இன்றும் நிற்கும் மாளிகைகள் சான்று. ஏற்றுமதி பெருகப் பெருக, அந்தச் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு தன் துணைத்தூதர் அலுவலகம் ஒன்றையே திறந்துவிட்டது. பெட்டி செய்தவரின் குடிசையோ குடிசையாகவே இருந்தது. ஓர் ஏழையின் மகன் குறைந்த விலைக்கு வயலின் வாங்க முடிந்ததற்கு, மற்றோர் ஏழையின் குறைந்த கூலியும் காரணம் என்பதை வரலாறு மறைக்கவில்லை.

இக்கருவிகளுள் மிகப் பலவற்றின் உள்ளே ஸ்திராதிவாரியின் பெயர் அச்சிட்ட சீட்டு ஒட்டப்பட்டது. இன்னாருடைய வடிவைப் பின்பற்றியது என்பதே அதன் பொருள். விலையைப் பார்த்து வாங்கியவர்கள் அதனை உணர்ந்தேயிருந்தனர். பாட்டனார் வாங்கிய கருவியைப் பரணிலிருந்து இறக்கிய பேரப்பிள்ளைகளோ பெரும் புதையல் கிட்டியதாக மகிழ்ந்து ஏமாறினர், இன்றும் ஏமாறுகின்றனர். 1890-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் காணப்பட வேண்டும் என விதித்தது. அதன் பின்னர் ஸ்திராதிவாரியின் பெயரும் 'ஜெர்மனி' என்னும் சொல்லும் ஒரே சீட்டில் அருகருகே அமர்ந்த வேடிக்கையும் நிகழ்ந்தது.

மெய்ட்ஸ்டன் பள்ளி

மலிவான கருவி கடைக்கு வந்தது. ஆனால், கடைக்கு வந்தது எல்லாம் பிள்ளையின் கைக்கு வந்துவிடுமா? இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்து மெய்ட்ஸ்டன் நகரில் ஆல் செயின்ட்ஸ் என்னும் தொடக்கப் பள்ளி இருந்தது. 1897-ஆம் ஆண்டு அளவில், இலண்டனைச் சேர்ந்த மர்டாக் என்னும் இசைக்கருவி வணிக நிறுவனம் அங்கே ஒரு புதுமுறையைத் தொடங்கிற்று. வயலினும் வில்லும் தவணைப் பணத்தில் கிடைக்கும்; பாடம் தனித்தனியே அன்று, வகுப்பாகச் சேர்ந்து நடக்கும். ஒரு பெரிய தொகையைச் சேர்த்து வைக்க இயலாத தொழிலாளியும், சிறு சிறு தொகையாகக் கட்ட முடிந்தது.

இதில் வணிக நோக்கம் இருந்தது என்பதில் ஐயமில்லை. நிறுவனத்திற்குச் சரக்கு விற்றது. எனினும், விளைவு வணிகத்தோடு நிற்கவில்லை. அடுத்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் இம்முறை ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிற்று. அந்நாட்டின் அரசுப் பள்ளி மாணவருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் வகுப்பில் வயலின் பயின்றதாகக் கணக்கிடப்படுகிறது. இலண்டனின் புகழ்பெற்ற கிரிஸ்டல் பேலஸ் மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக அமர்ந்து வாசித்தனர்.

அப்பிள்ளைகளுள் பெரும்பாலோர் பின்னாளில் இசைவாணர் ஆகவில்லை. அதனால் இம்முயற்சி தோற்றது என்று கூறலாமா? எழுதக் கற்றவர் அனைவரும் புலவர் ஆவதில்லை. அதற்காக எழுத்தறிவித்தல் வீண் என்று எவரும் சொல்வதில்லை. இசை செல்வர் வீட்டுக்கு மட்டும் உரியது என்னும் எண்ணத்தை அந்தப் பள்ளி வகுப்புகள் அசைத்தன. அதுவே அவற்றின் வெற்றி.

1914-இல் மூண்ட முதல் உலகப் போர் ஜெர்மானியச் சரக்கை நிறுத்தியது, இயக்கமும் தளர்ந்தது. ஆனால், அதன் விதை முன்னரே கடல் கடந்துவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் இசைப் பொறுப்பிலிருந்த ஆல்பர்ட் மிச்செல், இங்கிலாந்து சென்று இவ்வகுப்புகளைக் கண்டு திரும்பி, தம் நகரிலும் வயலின் வகுப்பைத் தொடங்கினார். போரினால் ஏற்பட்ட வெற்றிடத்தை ஜப்பானில் நகோயா நகரத்து மசாக்கிச்சி சுசுக்கியின் தொழிற்சாலை நிரப்பியது. அவருடைய மகன் சினிச்சி சுசுக்கியே, பிள்ளைகள் தாய்மொழியைக் கற்பது போல் இசையையும் கற்க இயலும் என்னும் கொள்கையால் பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர். இன்று தொடக்க மாணவருக்கான கருவிகள் பெரும்பாலும் சீனாவில் ஆகின்றன. நாடு மாறினாலும், உறுப்பு உறுப்பாகப் பிரித்துச் செய்யும் அந்தப் பழைய முறை மாறவில்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

மலிவான கருவியில் எங்கே சிக்கனம் செய்வார்கள் என்பதை இவ்வரலாறு கற்பிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் மெருகில் சிக்கனம் செய்யமாட்டார்கள்; தெரியாத இடத்தில் செய்வார்கள். பழைய சாக்சனிக் கருவிகளிற் சிலவற்றில், ஓரத்தைச் சுற்றிப் பதிக்க வேண்டிய மெல்லிய மரக்கோட்டிற்கு மாறாக மையால் கோடு வரைந்திருப்பதைக் காணலாம். மூலைகளின் உள்ளே இருக்க வேண்டிய மரக்கட்டைகள் இரா. கருங்காலியாக இருக்க வேண்டிய விரற்பலகை, கறுப்புச் சாயம் பூசிய வேறு மரமாக இருக்கும். விரல் பட்ட இடத்தில் சாயம் தேய்ந்து உண்மை வெளிப்படும்.

ஆகவே, வாங்குவோர் சீட்டைப் படிப்பதிலும் மெருகை வியப்பதிலும் காலம் போக்காமல் வேறு சிலவற்றை நோக்க வேண்டும். கழுத்து நேராக இருக்கிறதா? பிருடைகள் வழுக்காமலும் இறுகாமலும் திரும்புகின்றனவா? குதிரையின் கால்கள் பலகையில் இடைவெளியின்றிப் படிந்துள்ளனவா? தந்திகள் விரற்பலகையிலிருந்து மிக உயரத்தில் நிற்கின்றனவா? உயரம் மிகுந்தால் பிள்ளையின் விரல் நோகும். நொந்த விரல் நாளடைவில் கருவியையே வெறுக்கும். முன்பலகையில் குதிரையின் அருகே நீளவாட்டில் விரிசல் இருப்பின் அதனை ஒதுக்குதல் நலம்.

அளவும் முக்கியமாகும். முழு அளவு, முக்கால், அரை எனப் பல அளவுகள் உண்டு. வளரும் பிள்ளைக்குச் சட்டை தைப்பது போல் பெரியதாக வாங்கி வைத்தல் கூடாது. கை எட்டாத கருவியில் சுருதி எட்டாது. விலை குறைந்த புதுக் கருவியைவிட, செப்பனிட்ட பழங்கருவி மேலாக அமைவதும் உண்டு. வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைச் செப்பனிடுவதற்கென ஒதுக்குவதும், ஆசிரியர் ஒருமுறை வாசித்துப் பார்த்த பின்னரே பணம் கொடுப்பதும் அறிவுடைமை.

பேணும் முறை

வயலினின் உள்ளே, குதிரைக்குச் சற்றுப் பின்னால், முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே சிறு மரக்குச்சி ஒன்று நிற்கிறது. பசையால் ஒட்டப்படாமல் அழுத்தத்தினால் மட்டுமே நிற்பது அது. முன்பலகையின் அதிர்வைப் பின்பலகைக்குக் கொண்டு செல்வதும், அழுத்தத்தைத் தாங்குவதும் அதன் பணி. பிரெஞ்சு மக்களும் இத்தாலியரும் அக்குச்சிக்கு 'ஆன்மா' என்று பொருள்படும் பெயரையே இட்டுள்ளனர். எல்லாத் தந்திகளையும் ஒரே வேளையில் கழற்றினால் அந்த ஆன்மா சாய்ந்துவிடும். ஆதலால் தந்திகளை ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டும்.

சுருதி கூட்டுந்தோறும் குதிரை சிறிது சிறிதாக விரற்பலகைப் பக்கம் சாயும். அதனை அவ்வப்போது நேர்செய்யாவிடில் வளைந்து, ஒருநாள் விழுந்து உடையும். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்த வேண்டும். தந்தியின் கீழே படியும் ரோசின் தூளை உலர்ந்த துணியால் துடைத்தல் போதும்; நீரும் சாராயச் சத்தும் மெருகைக் கெடுக்கும்.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் கூடுதல் கவனம் தேவை. வயலின் உறுப்புகளை ஒட்டுவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையாகும். வெயிலில் நிற்கும் மோட்டார் வண்டியினுள் கருவியை விட்டுவிட்டால் பசை இளகி மூட்டுகள் பிரியும். பிரிந்ததைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மரம் பிளப்பதற்கு முன்னர் மூட்டு விட்டுக்கொடுப்பது கருவிக்கு நன்மையே. ஆனால், கடையில் விற்கும் வெள்ளைப் பசையை வீட்டிலேயே பூசுவது பெருங்கேடு. தொழில் அறிந்தவரிடம் கொடுத்துப் பழைய வகைப் பசையாலேயே ஒட்டுவிக்க வேண்டும். நெடுநாள் மூடி வைத்த பெட்டியில் சிறு பூச்சிகள் புகுந்து வில்லின் மயிரைத் தின்றுவிடும். அடிக்கடி திறந்து காற்றாட விடுவது நல்லது. நாள்தோறும் வாசிப்பது அதனினும் நல்லது.

மன்னர் அளித்த தந்த வயலினுக்கு வரலாற்றில் இடமுண்டு. பெயர் தெரியாத பெட்டிக்காரர் ஒருவர் சிம்னி விளக்கின் அருகே அமர்ந்து இழைத்த மர வயலினுக்கும் அங்கே இடமுண்டு. பின்னதுதான் எண்ணற்ற பிள்ளைகளுக்கு முதல் சுரத்தைக் கொடுத்தது. அக்கருவியின் விலை குறைவாக இருக்கலாம். அதற்காக அதனைக் குறைவாகப் பேணுதல் தகாது. பேணப்படாத விலையுயர்ந்த கருவி பரணுக்குப் போகும். பேணப்பட்ட மலிவுக் கருவியோ அண்ணன் கையிலிருந்து தம்பி கைக்குப் போகும்.